பக்கத்து வீட்டு பக்திமான்: அமெரிக்கச் சின்னத்திரையும் மதப் பழமைவாதிகளும்

1999 செப்டம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘தி வெஸ்ட் விங்’ தொடரின் முதல் அத்தியாயம் ஒளிபரப்பானது. வெள்ளை மாளிகை அதிகாரி ஒருவர் தொலைக்காட்சி விவாதமொன்றில் கிறிஸ்தவப் பழமைவாதத் தலைவி ஒருவரைக் கிண்டலடித்துவிடுகிறார். சமாதானம் பேச அந்தத் தரப்பிலிருந்து சிலர் வருகிறார்கள். பேச்சு சூடேறும்போது, பத்துக் கட்டளைகளில் முதலாவது பெற்றோரைக் கனம்பண்ணச் சொல்வதுதான் என்று வந்தவர்களில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். இல்லை, அது மூன்றாவது என்று டோபி என்ற அதிகாரி திருத்துகிறார். அப்படியானால் முதல் கட்டளை எது என்று வந்தவர் கேட்க, ஜனாதிபதி பார்ட்லெட் அதைக் கணீரென்று சொல்லியபடியே உள்ளே நுழைகிறார். தொடரில் அவருடைய அறிமுகமே இந்தக் காட்சிதான்.

நாடகமாகப் பார்த்தால் கைதட்ட வைக்கிற காட்சி. ஆனால் ஞாயிறு பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பதை, மதத்தின் பெயரால் இயக்கம் நடத்தும் ஒருவர் தப்பாகச் சொல்வாரா? இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. திருத்தியவர் சொன்னதும் தப்பு. அந்தக் கட்டளை யூதர் கணக்கில் ஐந்தாவது. பாப்டிஸ்ட் முதலான பெரும்பாலான புராட்டஸ்டன்ட் சபைகளிலும் ஐந்தாவது. கத்தோலிக்கருக்கும் லூத்தரன்களுக்கும் நான்காவது. யூதரான டோபி அதை மூன்றாவது என்கிறார். ஜனாதிபதியும் அதைத் திருத்தவில்லை.

அமெரிக்கத் தொலைக்காட்சி மதப் பழமைவாதிகளை வெறுக்கிறது என்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு குற்றச்சாட்டு உண்டு. அமெரிக்காவில் வயதுவந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் சுவிசேஷப் புராட்டஸ்டன்ட் என்று 2014-இல் பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. இவ்வளவு பெரிய கூட்டம் பொழுதுபோக்குத் தொடர்களில் எப்படித் தெரிந்தது, ஏன் அப்படித் தெரிந்தது, அந்தப் புகாரில் எவ்வளவு நியாயம் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. வெறுப்பைவிட அறியாமையே இங்கே பெரிய குற்றவாளி என்பது என் முடிவு. அந்த அறியாமையை வளர்த்ததில் புகார் சொன்னவர்களுக்கும் பங்கு உண்டு.

திரைக்கு முந்திய இரண்டு அச்சுகள்

தொலைக்காட்சி இந்தப் பாத்திரங்களைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு அச்சுகள் முன்பே தயாராக இருந்தன. ஒன்று, சின்கிளேர் லூயிஸ் 1927-இல் எழுதிய ‘எல்மர் கேன்ட்ரி’ நாவலின் நாயகன். குடி, பெண், பணம் மூன்றையும் விடாமல் பிரசங்க மேடையில் கண்ணீர் வரவழைக்கிற போதகன். 1960-இல் அது படமாகி, பர்ட் லங்காஸ்டருக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது.

இன்னொன்று, 1925-இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூரில் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கு. பள்ளியில் பரிணாமக் கொள்கை கற்பித்ததாக ஓர் ஆசிரியர்மேல் தொடுக்கப்பட்ட வழக்கு அது. பால்டிமோரிலிருந்து வந்த பத்திரிகையாளர் எச்.எல். மென்கன் அந்த ஊர் மக்களைக் கேலிசெய்து எழுதிய செய்திகள் நாடெங்கும் பரவின. அந்த வழக்கைத் தழுவி 1955-இல் ‘இன்ஹெரிட் தி விண்ட்’ நாடகம் வந்தது. மெக்கார்த்தி காலத்துக் கம்யூனிஸ்ட் வேட்டையைச் சாடத்தான் அதை எழுதினார்கள். ஆனால் 1960-இல் படமாகவும் பிறகு பலமுறை தொலைக்காட்சிப் படமாகவும் வந்தபோது, அதுவே டேட்டனில் நடந்த வரலாறு என்று மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. நாடகத்தில் ஊரே வெறிபிடித்த கும்பல். அரசுத் தரப்பில் வாதாடுகிறவர் படாடோபமான முட்டாள். அந்தப் பாத்திரத்துக்கு மூலமான வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் உண்மையில் மூன்று முறை ஜனாதிபதி வேட்பாளராக நின்றவர்; தொழிலாளருக்கும் சிறு விவசாயிக்கும் பரிந்து பேசியவர். வலுத்தவன் பிழைப்பான் என்ற கொள்கையைச் சமூகத்தின் மேல் ஏற்றினால் எளியவர் நசுங்குவர் என்பது அவர் அச்சங்களுள் ஒன்று. வழக்குக்குக் காரணமான பாடநூலிலேயே மனித இனத்தைத் ‘தரம் உயர்த்தும்’ கருத்துகள் இருந்தன. பரிணாமத்தைப் பற்றி அவர் நினைத்தது தவறுதான். அந்தத் தவறுக்குள்ளும் ஒரு காரணம் இருந்தது. நாடகம் தவறை வைத்துக்கொண்டு காரணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டது.

வேடதாரிப் போதகர், வெறிபிடித்த அறிவிலி. பின்னால் சின்னத்திரை இவற்றோடு இரண்டைச் சேர்த்தது. அடுத்தவர் பாவத்தைக் கணக்கெடுக்கும் அம்மணி ஒருத்தி. உலகம் தெரியாத அப்பாவி பக்திமான் ஒருவன். முன்னதன் உச்சம், 1986-இல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் டானா கார்வி பெண் வேடமிட்டு நடித்த ‘சர்ச் லேடி’. தான் சிறுவனாகப் போன லூத்தரன் ஆலயத்தில், யார் ஆராதனைக்கு வந்தார், யார் வரவில்லை என்று கண்வைத்த பெண்களிடமிருந்து பிறந்த வேடம் என்று கார்வி சொல்லியிருக்கிறார். உள்ளிருந்து பார்த்தவரின் கேலி என்பதால் அதில் நுட்பம் இருந்தது. அதைப் பின்பற்றி வந்தவற்றில் பலவற்றுக்கு அது இல்லை.

மேபெரியிலிருந்து குவீன்ஸ் வரை

தொடக்ககாலத் தொலைக்காட்சிக்கு ஆலயம் அந்நியமான இடமாக இருக்கவில்லை. ‘ஆண்டி கிரிஃபித் ஷோ’வில் (1960–68) மேபெரி ஊரார் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போவது சாதாரணக் காட்சி. 1963-இல் வந்த ஓர் அத்தியாயத்தில் நியூயார்க்கிலிருந்து வந்த போதகர், இந்த அவசரம் எதற்கு, கொஞ்சம் நின்று நிதானியுங்கள் என்று பிரசங்கம் செய்கிறார். பிரசங்கத்தின்போதே துணை ஷெரிஃப் பார்னி தூங்கி வழிகிறார். பிரசங்கத்தால் உருகிய ஊரார், நிதானமாக ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க அன்றைக்கே பழைய பாண்டு வாத்தியக் கச்சேரியை உயிர்ப்பிப்பதென்று கிளம்பி, கிழிந்த சீருடையைத் தைத்து, மேடையைச் செப்பனிட்டு, மாய்ந்து மாய்ந்து வேலைபார்த்து ஓய்ந்துபோகிறார்கள். ஆலயத்தை வைத்துத்தான் சிரிப்பு. ஆனால் சிரிக்கிறவரும் சிரிப்புக்கு ஆளாகிறவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1971-இல் சி.பி.எஸ். நிறுவனம் நகரத்து இளைஞர்களைக் குறிவைத்து, கிராமத்துச் சாயலுள்ள தொடர்களை ஒட்டுமொத்தமாக நிறுத்தியது. மேபெரியின் தொடர்ச்சியான ‘மேபெரி ஆர்.எஃப்.டி.’யும் அதில் போயிற்று. விளம்பரதாரருக்கு எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைவிட யார் பார்க்கிறார்கள் என்பது முக்கியமாகிவிட்ட காலம். அதே 1971 ஜனவரியில் நார்மன் லியரின் ‘ஆல் இன் தி ஃபேமிலி’ தொடங்கியிருந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழும் ஆர்ச்சி பங்கர் வேதத்தை மேற்கோள் காட்டுவார், பெரும்பாலும் தப்பாக, ஆலயத்துக்குப் போகமாட்டார். போகிறவர் மனைவி ஈடித். ஆர்ச்சிக்கு மதம் தன் வெறுப்புகளுக்கு ஓர் ஊன்றுகோல் மட்டுமே. ஈடித்துக்கு அது உயிர்மூச்சு. பெண் வேடமிட்டு ஆடும் கலைஞரான நண்பர் ஒருவர் கிறிஸ்துமஸ் வேளையில் அடித்துக் கொல்லப்பட, ஈடித் நம்பிக்கை ஆட்டம் கண்டு ஆலயம் போக மறுக்கும் 1977 அத்தியாயம், அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ஒன்று பக்தியை எவ்வளவு கனமாகக் கையாள முடியும் என்பதற்குச் சான்று.

ஆனால் தொலைக்காட்சி வாரிசாகச் சுவீகரித்தது ஈடித்தை அல்ல, ஆர்ச்சியைத்தான். கேலி எப்போதும் எதிர்பார்த்த இடத்தில் போய்த் தைப்பதில்லை என்பதையும் ஆர்ச்சி காட்டினார். நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் இருவரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், இனவெறுப்பு மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியைத் தங்கள் ஆளாகவே கண்டு மெச்சியது தெரியவந்தது. கேலிக்கு ஆளானவர் திருந்துவதும் இல்லை; கேலிசெய்தவர் புதிதாக எதையும் அறிவதும் இல்லை.

ஃபிளாண்டர்ஸ் தேய்ந்த கதை

இந்த வரலாறு முழுவதையும் ஒரே பாத்திரத்தில் பார்க்க வேண்டுமானால் ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் நெட் ஃபிளாண்டர்ஸைப் பார்க்கலாம். 1989 டிசம்பரில் முதன்முதலாகத் தோன்றியபோது அவர் ஹோமர் சிம்ப்சனுக்கு வயிற்றெரிச்சல் தருகிற பக்கத்து வீட்டுக்காரர், அவ்வளவே. ஒழுங்கான புல்தரை, ஒழுங்கான பிள்ளைகள், இரவல் கேட்டால் மறுக்காத குணம். பக்தி அவர் குணங்களுள் ஒன்றாக இருந்தது.

1992-இல் வந்த ஓர் அத்தியாயத்தில் ஹோமர் ஆலயத்துக்குப் போவதை நிறுத்துகிறார். ஒரு ஞாயிறு சோபாவிலேயே தூங்கிப்போக, சுருட்டு நெருப்பு வீட்டைப் பற்றிக்கொள்கிறது. புகைக்குள் புகுந்து அவரை இழுத்து வருகிறவர் ஃபிளாண்டர்ஸ். தீயணைக்க வந்தவர்களில் யூதக் கோமாளி க்ரஸ்டியும் மளிகைக்கடை அபுவும் இருக்கிறார்கள். கடவுள் இவர்கள் நெஞ்சிலிருந்து வேலை செய்தார் என்று போதகர் லவ்ஜாய் விளக்குகிறார். கிறிஸ்தவருக்கும் யூதருக்கும் பெயர் சொன்னவர், இந்துவான அபுவை ‘இதர’ கணக்கில் தள்ள, நாங்கள் எழுபது கோடிப் பேர் என்று அபு சீறுகிறார். ஒரே காட்சியில் பக்திமானின் துணிச்சலும் உண்டு, மதத்தலைவரின் மெத்தனமும் உண்டு. சிரிப்பு இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை.

1996 டிசம்பரில் வந்த சூறாவளி அத்தியாயம் இன்னும் ஆழம். ஊரில் எல்லார் வீடும் தப்பிக்க, ஃபிளாண்டர்ஸ் வீடு மட்டும் தரைமட்டமாகிறது. வேதத்தில் யோபு கேட்ட கேள்வியைத்தான் அவரும் போதகரிடம் கேட்கிறார்: கடவுள் என்னைத் தண்டிக்கிறாரா? ஆம் என்றும் இல்லை என்றும் பிடிகொடுக்காத பதில் வருகிறது. ஊரார் கூடிக் கட்டித்தரும் வீடு கோணல்மாணலாக நின்று, அவர் கண்முன்னே சரிகிறது. வாழ்நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த கோபம் வெடித்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டித் தீர்த்துவிட்டுத் தானாகவே மனநல மருத்துவமனையில் போய்ச் சேருகிறார். இருபது நிமிடச் சொச்சத்தில் ஒரு பக்திமானுக்குள் இவ்வளவு தூரம் போன தொடர்கள் குறைவு. மார்க் பின்ஸ்கி என்ற பத்திரிகையாளர் 2001-இல் ‘தி காஸ்பல் அக்கார்டிங் டு தி சிம்ப்சன்ஸ்’ என்று தனி நூலே எழுதினார். அதே ஆண்டு ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ இதழ் ஃபிளாண்டர்ஸை அட்டையில் போட்டது. கேலிக்கு ஆளான சமூகமே அவரைச் சொந்தம் கொண்டாடியது.

பிறகுதான் தேய்மானம். ஆண்டுகள் போகப்போக எழுத்தாளர்கள் மாறினார்கள். பக்தி என்ற ஒரு குணம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கியது. உதவிக்கு ஓடிவந்த மனிதர், எதற்கெடுத்தாலும் முகம் சுளித்துக் கண்டிக்கிறவராகச் சுருங்கினார். ஒரு பாத்திரம் இப்படி ஒற்றைக் குணமாகத் தேய்ந்து போவதற்கு இணைய ரசிகர்கள் ஃபிளாண்டர்ஸின் பெயரையே வைத்துவிட்டார்கள். இதில் சதி எதுவும் இல்லை. தொடர் நீள நீள எல்லாப் பாத்திரங்களுக்கும் இந்தக் கதி வரும். ஆனால் குடிகாரரோ சோம்பேறியோ தேய்ந்தால் நமக்கு அது ஒரு தனி ஆளின் தேய்மானமாகவே தெரியும். பக்திமான் தேய்ந்தால் பக்திமான்கள் எல்லாரும் இப்படித்தான் என்றாகிவிடும். காரணம், ஒப்பிட்டுப் பார்க்கத் திரையில் வேறு பக்திமான் இல்லை.

வெற்றிடம் உண்டாக்கியவர்கள்

ஏன் இல்லை? 1990-இல் முக்கிய அலைவரிசைகளில் வந்த 100 அத்தியாயங்களை எடுத்துக்கொண்டு தாமஸ் ஸ்கில் தலைமையிலான குழு செய்த ஆய்வு 1994-இல் வெளியானது. பேசும் பாத்திரங்களில் என்ன மதம் என்று அடையாளம் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. நல்லவராகவோ கெட்டவராகவோ காட்டுவதிருக்கட்டும், காட்டுவதே இல்லை என்பதுதான் முதல் செய்தி. ஆலயம் நிறைந்த நாட்டில், திரையில் யாரும் சாப்பிடுமுன் ஜெபிப்பதில்லை, ஞாயிறு எங்கும் போவதில்லை.

எழுத்தாளர்கள் லாஸ் ஏஞ்சலீசிலும் நியூயார்க்கிலும் வாழ்பவர்கள். தெற்குப் பகுதி ஆலயங்களோடு பழக்கம் இல்லாதவர்கள். இது பாதிக் காரணம். மறுபாதி, அலைவரிசைகளின் பயம். 1977-இல் மிசிசிப்பியைச் சேர்ந்த மெதடிஸ்ட் போதகர் டொனால்ட் வைல்ட்மன் தொடங்கிய அமைப்பு பின்னாளில் ‘அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன்’ ஆனது. 1979-இல் ஜெர்ரி ஃபால்வெல் ‘மாரல் மெஜாரிட்டி’யைத் தொடங்கினார். 1981-இல் இந்தத் தரப்பினர் கூட்டணி அமைத்து, ஆபாசமும் வன்முறையும் மிகுந்த நிகழ்ச்சிகளுக்கு விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்களைப் புறக்கணிப்போம் என்று எச்சரித்தார்கள். தொலைக்காட்சியின் மிகப்பெரிய விளம்பரதாரரான பிராக்டர் அண்ட் கேம்பிள், பல நிகழ்ச்சிகளிலிருந்து தன் விளம்பரத்தை விலக்கிக்கொண்டதாக வெளிப்படையாகவே அறிவித்தது. மறுபுறம் ஆர்ச்சியைப் படைத்த நார்மன் லியர், ஃபால்வெல் அணியை எதிர்க்கவே ‘பீப்பிள் ஃபார் தி அமெரிக்கன் வே’ என்ற அமைப்பைத் தொடங்கினார். எழுதுகிறவரும் எழுதப்படுகிறவரும் அரசியல் களத்தில் நேருக்கு நேர் நின்றார்கள்.

இதில் அலைவரிசைகள் கற்ற பாடம், மதத்தை ஒழுங்காகக் காட்ட வேண்டும் என்பதல்ல. மதத்தைத் தொட்டால் கை சுடும் என்பது. 1997-இல் ஏ.பி.சி.யில் வந்த ‘நத்திங் சேக்ரட்’ ஒரு நகரத்துக் கத்தோலிக்கப் பங்கின் கதை. பில் கெய்ன் என்ற இயேசு சபைத் துறவியும் சேர்ந்து உருவாக்கியது. சந்தேகமும் சோர்வும் உள்ள குருவானவர், சூப் ஊற்றும் அன்னதானக் கூடம், பணமில்லாத பங்கு. கத்தோலிக்க லீக் அமைப்பு புறக்கணிப்பு இயக்கம் நடத்த, விளம்பரதாரர்கள் நழுவினர். பீபடி விருது வாங்கிய அந்தத் தொடர் ஒரே பருவத்தோடு நின்றது. 2006-இல் என்.பி.சி.யின் ‘தி புக் ஆஃப் டேனியல்’ நாலே அத்தியாயத்தில் காணாமல் போனது. வலிநிவாரணி மாத்திரைக்கு அடிமையான எப்பிஸ்கோப்பல் குருவின் கதை அது. எதிர்ப்பு இயக்கமும் உண்டு, கூட்டமும் சேரவில்லை.

பயத்துக்குத் தப்பியவை தேவதைத் தொடர்கள். ‘ஹைவே டு ஹெவன்’ (1984–89), ‘டச்டு பை ஆன் ஏஞ்சல்’ (1994–2003) இரண்டிலும் கடவுள் உண்டு, சபை இல்லை. ‘செவன்த் ஹெவன்’ (1996–2007) பதினொரு பருவம் ஓடியது. நாயகர் போதகர்தான், ஆனால் அவர் எந்தச் சபை, என்ன கொள்கை என்பது தெளிவாக வராது. யாரையும் புண்படுத்தாத பக்தி, யாருக்கும் சொந்தமில்லாத பக்தி. நடுவிலிருந்த சாதாரணச் சபைக்காரர் இப்படி வெளியேற்றப்பட்ட பிறகு, இருபுறமும் மிஞ்சியவர் தேவதையும் வில்லனும்தான். புறக்கணிப்பு இயக்கங்கள் தாங்கள் வெறுத்த அச்சுப் பாத்திரத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டன.

கேலியில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு ஒருதலைப்பட்சம். 1980-களில் கிறிஸ்தவ வலதுசாரி, வாக்கு வங்கியாகவும் வெள்ளை மாளிகைக்குள் செல்வாக்காகவும் வளர்ந்தது. அதிகாரத்தைக் கேலிசெய்வது நகைச்சுவையின் முதல் கடமை. தொலைக்காட்சிப் போதகர் ஜிம் பேக்கர் காணிக்கைப் பண மோசடியில் 1989-இல் தண்டனை பெற்றார். ஜிம்மி ஸ்வாகர்ட் 1988-இல் பாலியல் விவகாரத்தில் சிக்கிக் கேமரா முன் அழுதார். எல்மர் கேன்ட்ரியை எழுத்தாளர்கள் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை; செய்தியிலேயே வந்துகொண்டிருந்தார்.

புகழ்ச்சியும் பொய் சொல்லும். டி.எல்.சி. அலைவரிசையில் 2008 முதல் ஓடிய டகர் குடும்பத்தின் ரியாலிட்டி தொடர், பத்தொன்பது பிள்ளைகளோடு ஆசாரமான கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றைச் சிரித்த முகமாகவே காட்டியது. மூத்த மகன் சிறுவயதில் தன் தங்கைகள் உட்படச் சிறுமிகளிடம் தவறாக நடந்துகொண்டது 2015-இல் வெளிவர, தொடர் நிறுத்தப்பட்டது. அவரே 2021-இல் சிறார் ஆபாசப் படங்கள் வைத்திருந்த வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானார். அந்த வீட்டுக்குள் நடந்ததை மறைக்கத் துணைபோனது வில்லன் சித்திரிப்பு அல்ல, தேவதைச் சித்திரிப்புதான்.

ஆகவே, மதப் பழமைவாதியைக் கெட்டவராகக் காட்டலாமா என்பது கேள்வியே அல்ல. அவர் கெட்டவராகவே இருக்கட்டும். அவருக்குத் தன் பக்கத்து வாதம் இருக்கிறதா என்பதே கேள்வி. ‘தி வெஸ்ட் விங்’ தொடரின் 2000 அக்டோபர் அத்தியாயம் ஒன்றில், ஓரினச் சேர்க்கையைக் கண்டிக்கும் வானொலிப் பெண்மணி ஒருவரைப் பார்ட்லெட் வறுத்தெடுக்கிறார். மகளை அடிமையாக விற்பது, ஓய்வுநாளில் வேலை செய்தவனைக் கொல்வது என்று பழைய ஏற்பாட்டுச் சட்டங்களை அடுக்கி, இதையெல்லாமும் கடைப்பிடிப்பீர்களா என்று கேட்கிறார். அப்போது இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்த கடிதம் ஒன்றைத் தழுவிய வசனம் அது. அந்தப் பெண்மணி வாயடைத்துப் போகிறார்.

உண்மையில் வாயடைத்துப் போயிருப்பாரா? சடங்குச் சட்டம் வேறு, ஒழுக்கச் சட்டம் வேறு என்ற பகுப்பு கிறிஸ்தவ இறையியலில் தாமஸ் அக்வினாஸ் காலத்திலிருந்தே உண்டு. அந்தப் பதில் சரியா என்பது வேறு விஷயம். அதை மறுக்கவும் நல்ல வாதங்கள் உண்டு. ஆனால் பழக்கப்பட்ட எந்தப் பழமைவாதியும் அதைச் சொல்லியிருப்பார். சொல்ல விட்டிருந்தால் பார்ட்லெட்டுக்கு இன்னும் கடினமான, இன்னும் பெறுமானமுள்ள வெற்றி கிடைத்திருக்கும். எதிராளியை ஊமையாக்கி வென்றதில் பார்வையாளர் கற்றது ஒன்றுமில்லை. பார்ட்லெட் பக்தியுள்ள கத்தோலிக்கர் என்பதையும் கவனிக்க வேண்டும். தொடர் மதத்தை எதிர்க்கவில்லை. ஒரு வகை மதத்தினருக்கு மட்டும் மூளையைக் கொடுக்கவில்லை.

மற்ற வாசல்கள்

கிறிஸ்தவர் அல்லாதவருக்கு இந்த நிலை இன்னும் குறுகல். முஸ்லிம் பக்திமான் நெடுங்காலம் பயங்கரவாதக் கதைகளிலேயே உலவினார். ஜேக் ஷாஹீன் 1984-இலேயே ‘தி டிவி அரப்’ நூலில் இதை விரிவாக எழுதினார். 2019-இல் ‘ராமி’ வந்த பிறகே, மசூதிக்குப் போய்த் தொழுதுவிட்டுத் தன் பலவீனங்களோடு தடுமாறுகிற இளைஞன் ஒருவன் அமெரிக்கத் திரையில் நாயகன் ஆனான்.

இந்துவுக்கு அபு இருந்தார். ஹரி கொண்டபோலு 2017-இல் எடுத்த ‘தி பிராப்ளம் வித் அபு’ ஆவணப்படம் எழுப்பிய விவாதத்தின் முடிவில், குரல் கொடுத்த ஹேங்க் அசாரியா 2020-இல் அந்தப் பாத்திரத்திலிருந்து விலகினார். அதே தொடரின் ஃபிளாண்டர்ஸுக்காக அப்படி யாரும் போராடவில்லை. போராடத் தேவையும் எழவில்லை. அபு புலம்பெயர்ந்த சிறுபான்மையினர். பள்ளியில் இந்தியப் பிள்ளைகள் அவர் பெயரால் சீண்டப்பட்டார்கள். ஃபிளாண்டர்ஸின் ஆட்களுக்கோ நாடாளுமன்றத்திலேயே இடம் இருந்தது. ஒரே மாதிரியான அச்சு, எடுத்துக்கொண்ட ஆளின் பலத்தைப் பொறுத்து வெவ்வேறு அளவில் காயப்படுத்தும்.

கலிபோர்னியாத் தமிழ்க் குடும்பத்தைக் கதையாக்கிய ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ (2020) தொடரில் பிள்ளையார் பூஜை ஒன்று வருகிறது. முஸ்லிமை மணந்து, பிறகு விவாகரத்தான பெண்ணை அங்குள்ள ஆன்ட்டிகள் ஒதுக்கிவைக்கிறார்கள். வழக்கமான கதை அவளைப் புரட்சிக்காரியாக்கியிருக்கும். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை எண்ணிக் கலங்கும், அந்தக் குடும்பத்துப் பெண் கமலா ஊக்கம் தேடி அவளிடம் போனால், குடும்பத்தை இழந்ததற்கு வருந்துகிறேன் என்று அவள் சொல்லிவிடுகிறாள். அந்த இடம் மட்டும் அச்சிலிருந்து விலகி நிற்கிறது.

ஆசார யூதர் கதைகளில் வேறுபாடு இன்னும் துலக்கம். 2020-இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ‘அன்ஆர்தடாக்ஸ்’, புரூக்ளினின் ஹசிதிய சமூகத்திலிருந்து பெர்லினுக்குத் தப்பியோடும் பெண்ணின் கதை. உண்மையான வலி, நல்ல நடிப்பு. ஆனால் அந்தச் சமூகத்தில் வெளியேறுகிறவளுக்கு மட்டுமே உள்மனம் இருக்கிறது. இஸ்ரேலில் 2013-இல் வந்த ‘ஷ்டீசல்’ ஜெருசலேமின் ஹரேதி குடும்பம் ஒன்றைக் காட்டுகிறது. அதை உருவாக்கிய இருவருள் யெஹோனதன் இந்துர்ஸ்கி அத்தகைய வீட்டில் வளர்ந்தவர். முதியோர் இல்லத்துக் கிழவிக்குத் தொலைக்காட்சிப் பெட்டி கிடைக்கிறது. அவள் அதில் மூழ்குகிறாள். ஆசாரமான மகனுக்கு அது பொறுக்கவில்லை. ஓவியம் வரைய விரும்பும் பேரன் அப்பாவோடு முட்டுகிறான். யாரும் சமூகத்தை விட்டு ஓட வேண்டியதில்லை. நம்பிக்கைக்கு உள்ளேயே அத்தனை கதையும் கிடைக்கிறது.

பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எழுதியபோது

அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் இது நடந்திருக்கிறது. ‘கிங் ஆஃப் தி ஹில்’ (1997–2010) கார்ட்டூனின் ஹேங்க் ஹில் டெக்சாஸ் மெதடிஸ்ட். புரொப்பேன் எரிவாயு விற்பவர். மாற்றம் என்றாலே ஒவ்வாதவர். அவருடைய ஆலயத்தில் அவர் குடும்பம் காலங்காலமாக உட்காரும் பெஞ்சு இன்னொரு குடும்பத்துக்குப் போக, மனம் நொந்து வேறு ஆலயம் தேடிக் கிளம்பும் ஓர் அத்தியாயம் 2006-இல் வந்தது. பேரங்காடி போன்ற பிரம்மாண்ட ஆலயம் ஒன்றில் போய் மாட்டிக்கொள்கிறார். சபை வாழ்க்கையில் இறையியல் சண்டையைவிட பெஞ்சுச் சண்டையே பெரிது என்பது சபைக்குப் போனவருக்குத்தான் தெரியும். இந்தத் தொடரை மைக் ஜட்ஜோடு சேர்ந்து உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ்தான் பின்னால் ‘தி ஆஃபீஸ்’ தொடரை அமெரிக்காவுக்கு ஏற்ப மாற்றியவர். அதிலோ ஏஞ்சலா மார்ட்டின், ஊரைக் கண்டித்துக்கொண்டே கள்ளக்காதல் வளர்க்கும் பழைய அச்சு அம்மணி. கை ஒன்றே, துணைப் பாத்திரம் என்று வரும்போது அச்சு தானாக வந்து விழுகிறது.

மேரி கூப்பர் இதன் எதிர்த்திசை. ‘பிக் பேங் தியரி’யில் அவர் எப்போதாவது டெக்சாஸிலிருந்து வந்து, இயேசுவைப் பற்றி நாலு வரி நகைச்சுவை சொல்லிப் போகும், ஷெல்டனின் அம்மா. 2017-இல் ‘யங் ஷெல்டன்’ அவரை முழுநேரப் பாத்திரமாக்கியதும் எழுத்தாளர்களுக்கு அவர் உள்ளே போயே தீர வேண்டியிருந்தது. 2018-இல் வந்த அத்தியாயம் ஒன்றில் பழகிய வீட்டுப் பதின்வயதுப் பெண் விபத்தில் சாக, மேரியின் நம்பிக்கை உடைகிறது. ஜெபிக்க முடியவில்லை. அவரைத் தேற்றுகிறவன் நாத்திகம் பேசும் மகன் ஷெல்டன். ஈர்ப்புவிசை இம்மி கூடியோ குறைந்தோ இருந்தால் பிரபஞ்சமே இராது என்று தனக்குத் தெரிந்த மொழியில் தேறுதல் சொல்கிறான். பின்னால் மூத்த மகனின் காதலி திருமணத்துக்கு முன்பே கர்ப்பமாகும்போது, மேரியின் சபையே அவர்களுக்கு முகம் திருப்புகிறது. சபையின் கடுமை அப்படியே இருக்கிறது, ஆனால் அதைத் தாங்குகிறவரும் அதே சபைக்காரர்தான்.

சன்டான்ஸ் அலைவரிசையின் ‘ரெக்டிஃபை’ (2013–16) தொடரின் டானி, தெற்கத்திக் கிறிஸ்தவள். பத்தொன்பது ஆண்டு மரணதண்டனைக் கொட்டடியில் கிடந்து வெளிவந்தவனிடம் அவள் காட்டும் பரிவு, அவள் நம்பிக்கையிலிருந்தே வருகிறது. அந்த நம்பிக்கையே பிறகு அவளைக் குழப்பத்திலும் தள்ளுகிறது. ‘ஃபிரைடே நைட் லைட்ஸ்’ (2006–11) தொடரில் ஆட்டத்துக்கு முன் ஜெபமும் ஞாயிறு ஆராதனையும் ஊர் வாழ்வின் பகுதியாகவே வந்து போகின்றன. யாரும் அதற்கு விளக்கம் சொல்வதில்லை.

முடிவாக

மேலே பார்த்தவற்றில் தேறிய பாத்திரங்களுக்குப் பொதுவான ஒன்று உண்டு. அவர்களுள் யாரும் புகாருக்குப் பதிலாகப் பிறக்கவில்லை. புகாருக்குப் பயந்து பிறந்தவை தேவதைகள். பழக்கமில்லாமல் பிறந்தவை வேடதாரிகளும் வெறியர்களும். ஈடித், ஹேங்க், மேரி, ஷ்டீசல் குடும்பத்தார் முதலானோர், அத்தகைய மனிதர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் எழுதிய பாத்திரங்களாகவே தோன்றுகிறார்கள். அவர்களுடைய கொள்கையை எழுத்தாளர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற அவசியமும் இல்லை. யூதரான நார்மன் லியர்தான் ஈடித்தின் பக்தியை உருவாக்கினார். அவளுக்கு ஒரு கேள்வி இருக்கிறது என்று அவர் நம்பியதே போதுமானதாக இருந்தது.

எனவே இனி ஒரு தொடரில் மதப் பழமைவாதி வந்தால், அவரைப் புகழ்கிறார்களா இகழ்கிறார்களா என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அவருக்குப் பக்தியைத் தவிர வேறு வேலை இருக்கிறதா? தன் நம்பிக்கையால் அவருக்கே ஒரு நஷ்டமாவது வருகிறதா? விவாதத்தில் அவர் தரப்பு அறிந்தவர் சொல்லக்கூடிய பதிலை அவர் சொல்கிறாரா? மூன்றில் ஒன்றுக்காவது ஆம் என்று விடை வந்தால், அவர் வில்லனாகவே இருந்தாலும் மனிதர். மூன்றுக்கும் இல்லை என்றால், அவர் நல்லவராக இருந்தாலும் அச்சுதான். மேலை நாட்டுத் தொடர்களுக்கு மட்டும் உரியதல்ல இந்தச் சோதனை. நம் தொடர்களின் பட்டை போட்ட பெரியவருக்கும் குல்லா போட்ட பாயம்மா வீட்டுக்காரருக்கும் சிலுவை அணிந்த டீச்சருக்கும் இதே மூன்று கேள்விகளைக் கேட்கலாம். தேர்வது எத்தனை பேர் என்பது நம் எழுத்தாளர்கள் எந்தெந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும்.